ஆக்சிடென்ட் கேஸ் பக்கம் போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

மணிமுத்தாறு எழுதியது:

வணக்கம். வக்கீலாகப் பதிவு செய்து 2 வருடம் ஆகிறது. இதுவரை ஒரு சிவில் சீனியரிடம் இருந்தேன். பாகப்பிரிவினை, வாடகை, செக் கேஸ் எல்லாம் ஓரளவு பழகிவிட்டது. போன மாதம் வேறொரு சீனியர் கூப்பிட்டார். அவர் பார்ப்பது இரண்டே வகை: வாகன விபத்து இழப்பீடு, மருத்துவக் கவனக்குறைவு. "என்னிடம் வந்தால் குறுக்கு விசாரணை கற்றுக்கொள்ளலாம்" என்றார். எனக்கு ஆசையாகத்தான் இருக்கிறது.

வீட்டில் சொன்னதும் அப்பா முகம் மாறிவிட்டது. "ஆஸ்பத்திரி வாசலில் நின்று ஆள் பிடிக்கிற வேலையா?" என்று கேட்டார். கூடப் படித்தவர்களும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறார்கள். கிரிமினல் என்றால் மதிப்பு, கம்பெனி வழக்கு என்றால் காசு, ஆக்சிடென்ட் கேஸ் என்றால் இளக்காரம். இதில் 10, 20 வருடம் இருந்தவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். இதை ஒரு வாழ்நாள் தொழிலாக எடுக்கலாமா? அன்றாடம் என்ன வேலை இருக்கும்?

கருப்பு_கவுன் எழுதியது:

தம்பி, நான் 24 வருடமாக மனுதாரர் பக்கம் நிற்கிறவன். உங்கள் அப்பா கேட்டதில் தப்பே இல்லை. எஃப்.ஐ.ஆர். மை காய்வதற்குள் வார்டுக்குள் போய் வக்காலத்தில் கையெழுத்து வாங்குகிற ஆட்களை நானே பார்த்திருக்கிறேன். கட்சிக்காரரைத் தேடிப் போகக் கூடாது என்று பார் கவுன்சில் விதி 36 சொல்கிறது. அதை மீறுகிறவர்களால்தான் நம் எல்லோருக்கும் அந்தப் பெயர். நீங்கள் போகிற சீனியர் அந்த ரகமா என்று முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள். அவருடைய குமாஸ்தாவுக்கு எந்த எந்த ஆஸ்பத்திரியில் ஆள் தெரியும் என்று கேட்டாலே விடை கிடைத்துவிடும்.

அன்றாட வேலை பற்றிக் கேட்டீர்கள். கோர்ட்டில் பேசுவதெல்லாம் கடைசியில் வருவது. விபத்துக்கு முந்தின நாள் வரை அந்த மனிதர் எப்படி வாழ்ந்தார், என்ன சம்பாதித்தார், யார் அவரை நம்பி இருந்தார்கள் என்று தேடுவதில்தான் நம் வருடங்கள் போகின்றன.

ஒரு கணக்குச் சொல்கிறேன். இறந்தவர் கொத்தனார், வயது 34. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா. மாதம் 18,000 சம்பாதித்தார் என்று நிரூபித்தால்: சொந்தத் தொழில், 40 வயதுக்குக் கீழே, ஆகவே எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்த்து 25,200. நான்கு பேர் நம்பி இருப்பதால், அவருடைய சொந்தச் செலவு என்று நான்கில் ஒரு பங்கு கழித்தால் 18,900. வருடத்துக்கு 2,26,800. அந்த வருட இழப்பை வயதுக்கு ஏற்ற ஓர் எண்ணால் பெருக்க வேண்டும்; அந்த வயதுக்குப் பெருக்கெண் 16. மொத்தம் 36,28,800 ரூபாய்.

இனி, வருமானத்துக்கு எந்தக் காகிதமும் கொடுக்காமல் தீர்ப்பாயம் தானாக 12,000 என்று வைத்துக்கொண்டது என்று பாருங்கள். அதே கணக்கில் 24,19,200 வரும். 12 லட்சம் குறைகிறது. சட்டம் அதே, குடும்பம் அதே. ஒரு காகிதம் இல்லை, அவ்வளவுதான்.

அந்தக் காகிதம் எங்கே இருக்கும்? இப்படி ஒரு வழக்கில் அது ஒரு மேஸ்திரியின் வேட்டி மடிப்பில் இருந்தது. நாற்பது பக்க நோட்டு, ஓரமெல்லாம் சிமெண்ட் கறை. ஒவ்வொரு சனிக்கிழமையும் யாருக்கு எத்தனை ஆள் கூலி, யார் முன்பணம் வாங்கினார்கள் என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தார். அவர் கோர்ட்டுக்கு வரப் பயந்தார். கட்டடத்துக்கு இரண்டு தடவை போய், மதியச் சாப்பாட்டு நேரத்தில் மணல் குவியல் பக்கத்தில் உட்கார்ந்து பேசினேன். மூன்றாம் தடவை, "அவன் பிள்ளைகளுக்காக வருகிறேன்" என்றார். நோட்டு சான்றாவணமாகக் குறியிடப்பட்டது. அந்த நோட்டைத் தேடிப் போனதைத்தான் நான் என் தொழில் என்று சொல்வேன்.

இன்னொன்று: வயது. பிரேதப் பரிசோதனை அறிக்கையில் "சுமார் 40" என்று எழுதிவிடுவார்கள். அது ஒரு மதிப்பீடு. அப்படியே விட்டால் பெருக்கெண் 15 ஆகிவிடும், எதிர்கால உயர்வும் 25 சதவீதமாக இறங்கிவிடும். மேலே சொன்ன குடும்பத்துக்கு அதனால் மட்டும் ஏறத்தாழ 6 லட்சம் போகும். பள்ளிச் சான்றிதழை முதல் வாரமே வாங்கி வையுங்கள்.

சட்டம்_படிக்கிறேன் எழுதியது:

சார், இந்த 16, 15 எல்லாம் எங்கிருந்து வருகிறது? மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இருக்கிறதா?

கருப்பு_கவுன் எழுதியது:

உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் இருந்து. 2009-இல் சரளா வர்மா வழக்கில் வயதுவாரியான அட்டவணை வந்தது: 15 முதல் 25 வயது வரை 18, அப்புறம் படிப்படியாக இறங்கி 65-க்கு மேல் 5. சொந்தச் செலவுக் கழிவும் அதில்தான் ஒழுங்குபட்டது; மணமாகாதவர் என்றால் பொதுவாகப் பாதி. 2017-இல் பிரணய் சேத்தி வழக்கில் ஐந்து நீதிபதிகள் அமர்வு எதிர்கால உயர்வுக்குச் சதவீதம் வகுத்தது. 2018-இல் மேக்மா வழக்கு, துணையை இழந்த மனைவிக்கு மட்டுமல்லாமல் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உறவு இழப்புக்கான தொகை உண்டு என்றது. இந்த மூன்றையும் முழுதாகப் படியுங்கள், சுருக்கம் போதாது.

மனு போடுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவில். 2019 திருத்தத்தால் 6 மாதக் கெடு வந்து, 2022 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. அதை எதிர்த்து வழக்குகள் இருக்கலாம். உங்கள் கட்சிக்காரரை அந்தச் சோதனைக்கு ஆளாக்காதீர்கள், கெடுவுக்குள் போட்டுவிடுங்கள்.

எதிர்மனுதாரர்_2 எழுதியது:

நான் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக ஆஜராகும் வக்கீல்கள் பேனலில் 15 வருடம் இருக்கிறேன். பெரும்பாலான மனுக்களில் வண்டி உரிமையாளர் முதல் எதிர்மனுதாரர், கம்பெனி இரண்டாவது. அதனால்தான் இந்தப் பெயர். மணிமுத்தாறு, எங்கள் பக்கத்தையும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

ஃபைல் வந்ததும் நான் முதலில் பார்ப்பது ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது, வழக்கு என்ற நினைப்பே யாருக்கும் வராத நேரத்தில், அவரோ கூட வந்தவரோ சொன்னதை அங்கே எழுதியிருப்பார்கள். "பைக்கில் இருந்து தானே விழுந்தார்" என்று அதில் இருக்கும். 20 நாள் கழித்துப் பதிவான எஃப்.ஐ.ஆரில் ஒரு வேன் முளைத்திருக்கும். உத்தரப் பிரதேசத்தில் போலி விபத்து மனுக்களை விசாரிக்கச் சிறப்புப் புலனாய்வுக் குழுவே போட்டார்கள். 2021-இல் உச்ச நீதிமன்றம் அதைக் கடுமையாக எடுத்துக்கொண்டது. இந்தத் திருட்டால் கெட்டுப்போவது கம்பெனியின் பணம் மட்டும் இல்லை. நிஜமாகக் காலை இழந்தவர் கூண்டில் ஏறும்போதும் எல்லோரும் சந்தேகத்தோடு பார்க்கிறார்கள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். உண்மையான மனுவிலும் குறைந்த தொகை போதும் என்று நான் வாதாடி ஜெயித்திருக்கிறேன். காரணம், மனுதாரர் வக்கீல் ஊனச் சான்றிதழை மட்டும் நீட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். சான்றிதழ் கொடுத்த மருத்துவரைக் கூண்டில் ஏற்றவில்லை. 2010 ராஜ்குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: உடல் ஊனச் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் திறன் இழப்பு வேறு. இடது கை போனால் மருத்துவக் கணக்கில் 60 சதவீதமாக இருக்கலாம். ஓட்டுநருக்கும் தச்சருக்கும் அது ஏறத்தாழ முழு இழப்பு, அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமல் இருக்கலாம். இதைப் பிடித்துக்கொண்டு நல்ல வக்கீல் ஒருவர் எனக்கு எதிரில் என்ன செய்தார் என்று சொல்கிறேன்.

மனுதாரர் வீட்டில் தையல் வேலை செய்கிற பெண். வலது கணுக்கால் நொறுங்கி, அசைவே இல்லாமல் இறுகிவிட்டது. சான்றிதழில் 28 சதவீதம். "கை இரண்டும் நன்றாக இருக்கிறதே, உட்கார்ந்துதானே தைக்கிறார்?" என்பது என் வாதம். அந்த வக்கீல் மருத்துவரிடம் நான்கே கேள்வி கேட்டார். கணுக்கால் மேலும் கீழும் அசையுமா? அசையாது. மிதி மிஷினில் அந்த அசைவு ஒரு நிமிடத்துக்கு எத்தனை தடவை வேண்டும் தெரியுமா? தெரியாது, ஆனால் தொடர்ந்து வேண்டும். இடது காலால் மட்டும் நாள் முழுக்க மிதித்தால்? இடுப்பு பாதிக்கும். அப்படியானால் அவர் பார்த்த வேலையை அவரால் இனிச் செய்ய முடியுமா? முடியாது. உட்கார்ந்துவிட்டார். வருமான இழப்பை நீதிபதி 70 சதவீதமாக எடுத்தார். மேல்முறையீடு வேண்டாம் என்று நானே கம்பெனிக்குக் கருத்து எழுதிக் கொடுத்தேன்.

ஒரு கேள்வியைக் கேட்பதையே நான் நிறுத்திவிட்டேன் என்பதையும் இங்கே சொல்கிறேன். கணவனை இழந்த பெண் கூண்டில் நிற்கும்போது "உங்கள் வீட்டுக்காரர் குடிப்பாரா?" என்று கேட்பது பேனல் வக்கீல்களின் பழைய வழக்கம். வருமானம் வீட்டுக்கு வரவில்லை என்று காட்டுவதற்காக. ஒரு அம்மா பதிலே சொல்லாமல், பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தன் மகளைத் திரும்பிப் பார்த்தார். அன்றிலிருந்து நான் கேட்பதில்லை. எந்த வழக்கும் அதனால் தோற்றதில்லை.

மணிமுத்தாறு எழுதியது:

மேடம், நன்றி. இரண்டு பேரும் சொன்னதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கடைசி வரை கேட்டார். மருத்துவக் கவனக்குறைவு பற்றியும் சொல்லுங்கள். அதுதான் எனக்குப் பயம். அறிவியல் பாடத்தை பத்தாவதோடு விட்டவன்.

மயக்க_மருத்துவர் எழுதியது:

நான் மயக்கவியல் மருத்துவர். இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன், பேசாமல் இருக்க முடியவில்லை.

என் மீது ஒரு வழக்கு ஆறு வருடம் நடந்தது. முதுகுத்தண்டு ஊசி போட்ட பின் ஒரு நோயாளிக்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, இதயம் நின்று, மீட்டுக் கொண்டுவந்தோம். உயிர் பிழைத்தார், ஆனால் நினைவாற்றல் பழையபடி வரவில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை நாடி, அழுத்தம், கொடுத்த மருந்து, அளவு எல்லாம் நான் எழுதிய தாளில் இருந்தது. அவர் இதயம் நின்ற அடுத்த நிமிடமே மார்பு அழுத்தம் தொடங்கியது வரை. என்னைக் குறுக்கு விசாரணை செய்தவர் அந்தத் தாளைத் திறக்கவே இல்லை. "ஊசி எந்த இடத்தில் போட்டீர்கள்?" என்று மூன்று விதமாகக் கேட்டார். வழக்கு தள்ளுபடி ஆனது. ஆறு வருடமும் ஒவ்வொரு முறை ஊசியை எடுக்கும்போதும் என் விரல் ஒரு கணம் தயங்கியது. அந்த நோயாளியின் மனைவிக்கும் ஆறு வருடம் வீண். தாளைப் படித்திருந்தால் முதல் நாளே அவரிடம், "அம்மா, இதில் வழக்கு இல்லை" என்று சொல்லியிருக்கலாம்.

2005-இல் ஜேக்கப் மேத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். சிகிச்சை பலிக்காதது மட்டுமே கவனக்குறைவு ஆகாது. மருத்துவர் மேல் கிரிமினல் வழக்கு என்றால் அஜாக்கிரதை மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும், வேறொரு தகுதியுள்ள மருத்துவரின் கருத்தும் வேண்டும். அப்படியும் எடுத்த எடுப்பில் காவல் நிலையத்துக்குப் போகச் சொல்கிற வக்கீல்கள் இருக்கிறார்கள். மிரட்டிப் பணம் வாங்குவதற்கு. தம்பி, அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள்.

கருப்பு_கவுன் எழுதியது:

டாக்டர், உங்களுக்கு நடந்தது அநியாயம். அந்தத் தாளைப் படிக்காமல் உங்களைக் கூண்டில் நிறுத்தியவர் தன் கட்சிக்காரருக்கும் துரோகம்தான் செய்தார். இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

தம்பி, நீங்கள் பயப்படுகிற இடத்துக்கு வருகிறேன். மருத்துவ வழக்கு என்று என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலானவர்களைத் திருப்பி அனுப்புகிறேன். வருகிறவர் கோபத்தில் இருப்பார். இரண்டு மணி நேரம் கேட்டால் கோபத்துக்கு அடியில் வேறொன்று தெரியும். "கடைசி நாளில் என்ன நடந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை சார். பில்லை மட்டும் கொடுத்தார்கள்." இதை எத்தனை வாயால் கேட்டிருக்கிறேன் என்று எண்ணிக்கை இல்லை. ஆஸ்பத்திரியின் சிகிச்சைக் குறிப்புகளான கேஸ் ஷீட்டை வாங்கி, தெரிந்த மருத்துவரிடம் காட்டி, நடந்ததை அந்தக் குடும்பத்துக்கு மெதுவாக எடுத்துச் சொல்வேன். பல பேர் அழுதுவிட்டு, "சரி சார், இவ்வளவுதானே தெரிய வேண்டும்" என்று எழுந்து போயிருக்கிறார்கள். அதற்கு நான் ஃபீஸ் வாங்குவதில்லை. டாக்டர்கள் அந்த அரை மணி நேரத்தைத் தாங்களே ஒதுக்கினால் பாதி வழக்கு என் வாசல் வரை வராது என்று மனதாரச் சொல்கிறேன்.

மிச்சம் இருப்பது நிஜ வழக்குகள். அவையும் உண்டு, டாக்டர். சிக்கல் யாருக்கும் வரலாம். வந்தபோது யாராவது பார்த்தார்களா, பார்த்ததும் என்ன செய்தார்கள் என்பதை மட்டும்தான் நான் தேடுவேன்.

எப்படித் தேடுவது? கேஸ் ஷீட் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002 மருத்துவ கவுன்சில் ஒழுங்குமுறை சொல்கிறது. எழுத்தில் கேளுங்கள், தேதி போட்டு ஒப்புகை வாங்குங்கள். வந்ததும் டாக்டர் எழுதியதை முதலில் படிக்காதீர்கள். நர்ஸ் குறிப்பு, ஜுர அட்டவணை, மருந்துத் தாள், லேப் ரிப்போர்ட், ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாவற்றிலும் இருக்கிற நேரத்தை மட்டும் எடுத்து ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். ஒரு வழக்கில் மணிக்கு ஒரு தடவை பி.பி. பார்த்ததாக இரவு முழுக்க எழுதியிருந்தது. எல்லாம் ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லாம் 120/80. மூன்று மணிக்கும் அப்படித்தான். ஸ்கேன் படத்தின் மூலையில் இயந்திரமே அச்சடித்த நேரம் 3 மணி 2 நிமிடம். நோயாளி கீழ்த்தளத்தில் ஸ்கேன் அறையில் இருக்கிறார், வார்டில் அவருக்கு பி.பி. பார்த்திருக்கிறார்கள். இரவு முழுக்க யாருமே பார்க்கவில்லை, விடிந்த பிறகு மொத்தமாக நிரப்பினார்கள் என்பது குறுக்கு விசாரணையில் வெளிவந்தது. இதைக் கண்டுபிடிக்க அறிவியல் தேவைப்படவில்லை. பொறுமை போதும்.

அறிவியலையும் கற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஒவ்வொரு வழக்குக்கும் அந்த நோயைப் பற்றி மட்டும் மருத்துவ மாணவர் படிக்கிற பாடத்தைப் படித்துவிடுங்கள். நான் பிரசவம், எலும்பு, மயக்கம் மூன்றும் அப்படித்தான் படித்தேன்.

எங்கே போடுவது என்பதும் முக்கியம். 1995-இல் வி.பி. சாந்தா வழக்கில் கட்டணம் வாங்கும் மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள் வந்தது. எல்லோருக்கும் முழுக்க இலவசமான ஆஸ்பத்திரி வராது. கெடு 2 வருடம். சம்மதம் பற்றிய வழக்கு என்றால் 2008 சாமிரா கோலி தீர்ப்பு. அந்தப் பெண் பரிசோதனைக்குத்தான் சம்மதம் கொடுத்திருந்தார். மயக்கத்தில் இருக்கும்போது, உயிருக்கு அவசரம் இல்லாத நிலையில், அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள். செல்லாது என்றது நீதிமன்றம்.

நம் ஊர் வழக்கு ஒன்று. 1996-இல் எழும்பூர் அரசு ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையைக் குறிப்பிட்ட காலத்துக்குள் பரிசோதிக்க வேண்டும். செய்யவில்லை, செய்யச் சொல்லவும் இல்லை. பார்வை போய்விட்டது. 2015-இல் உச்ச நீதிமன்றம் ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் கொடுத்தது. வருங்கால மருத்துவச் செலவுக்குப் பணவீக்கத்தையும் சேர்த்துக் கணக்கிட்ட தீர்ப்பு. கிருஷ்ணகுமார் வழக்கு என்று தேடிப் படியுங்கள். ஆனால் வருடத்தையும் பாருங்கள்: குழந்தைக்கு அப்போது 18, 19 வயது. இந்தத் தொழிலில் வந்தால் இவ்வளவு நீளமாக ஒரு குடும்பத்தோடு நடக்கத் தயாராக இருக்க வேண்டும்.

மயக்க_மருத்துவர் எழுதியது:

அந்த 120/80 விஷயத்தைப் படித்ததும் எனக்கே அவமானமாக இருந்தது. அப்படி நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள், மறுக்க மாட்டேன். ஆனால் இரவில் ஒரு வார்டுக்கு எத்தனை நர்ஸ் போட்டிருந்தார்கள் என்பதையும் கேளுங்கள். அந்தப் பெண்ணை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள். நிர்வாகத்தை ஏற்றுங்கள்.

கருப்பு_கவுன் எழுதியது:

ஒப்புக்கொள்கிறேன், டாக்டர். பணிப் பட்டியலை வரவழைக்க மனுப் போடுவது இப்போது என் வழக்கமாகவே ஆகிவிட்டது.

செண்பகம் எழுதியது:

நான் வக்கீல் இல்லை. அப்பா விபத்தில் இறந்தபோது எனக்கு 19, தங்கைக்கு 11. யாரோ ஒருவர் வீட்டுக்கு வந்து, "செலவே இல்லை, வந்தால் பங்கு" என்று சொல்லி வெற்றுத் தாள்களில் அம்மாவிடம் கையெழுத்து வாங்கினார். நான்கு வருடத்தில் வக்கீலை இரண்டு தடவைதான் பார்த்தோம். தீர்ப்பு வந்த அன்று தொகை என்ன என்று கூடத் தெரியாது. அம்மாவின் பங்கு கணக்கில் ஏறியதும் வங்கிக்குக் கூட்டிப் போய் மூன்றில் ஒரு பங்கை எடுக்க வைத்தார்கள். தங்கை பங்கை மட்டும் அவளுக்கு 18 ஆகும் வரை வங்கியில் போட்டு வைக்கத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டிருந்தது. அதை யாராலும் தொட முடியவில்லை. அவள் நர்சிங் படித்தது அதில்தான்.

மணிமுத்தாறு, நீங்கள் இந்த வேலைக்கு வந்தால், வாய்தா அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு போன் செய்து சொல்லுங்கள். அது போதும்.

அட்லாண்டிக்_கரை எழுதியது:

நான் அமெரிக்காவில் இப்படி வழக்கு நடத்தும் அலுவலகத்தில் ஆவணப் பிரிவில் இருக்கிறேன். இங்கே பங்குக்கு வழக்கு நடத்துவது சட்டப்படியே சரி. பொதுவாக மூன்றில் ஒன்று, விசாரணை வரை போனால் 40 சதவீதம் வரை. தோற்றால் ஃபீஸ் இல்லை. நிபுணர் மருத்துவர்களுக்கான பெரிய செலவை அலுவலகமே போடும். காசில்லாதவர் பெரிய ஆஸ்பத்திரி மேல் வழக்குப் போட முடிவது இதனால்தான். கெட்டதும் உண்டு: தொகை சிறியதாக இருக்கும் என்று தெரிந்தால் உண்மையான வழக்கையும் யாரும் எடுக்க மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் 1975-இல் வலி, வேதனைக்கான இழப்பீட்டுக்கு 2,50,000 டாலர் என்று உச்சவரம்பு போட்டார்கள். 2022 வரை அது ஏறவே இல்லை. வருமானம் இல்லாத முதியவர், குழந்தை, இல்லத்தரசி இறந்தால் வக்கீல் கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது. இந்தியாவிலும் பங்கு முறையை வெளிப்படையாக அனுமதித்து ஒழுங்குபடுத்தலாமே?

எதிர்மனுதாரர்_2 எழுதியது:

இல்லத்தரசி விஷயத்தில் நம் நீதிமன்றங்கள் நல்ல பாதையில் போயிருக்கின்றன. வீட்டு வேலைக்கு மதிப்புப் போட்டு வருமானமாக எடுக்க வேண்டும், அதற்கும் எதிர்கால உயர்வு சேர்க்கலாம் என்று 2021 கீர்த்தி வழக்கில் வந்திருக்கிறது. பேனல் வக்கீலாக அதை எதிர்த்து நான் வாதாடுவதே இல்லை.

கருப்பு_கவுன் எழுதியது:

செண்பகம், நீங்கள் எழுதியதை என் ஜூனியர்கள் மூவருக்கும் வாசித்துக் காட்டினேன்.

பங்கு முறை பற்றி: நம் பார் கவுன்சில் விதி 20 அதைத் தடை செய்கிறது. வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது, வரும் தொகையில் பங்கு கேட்கக் கூடாது. அமெரிக்க நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஏழைக்கு வாசல் திறக்க ஏதாவது வழி வேண்டும். ஆனால் இங்கே வாகன விபத்து மனுவில் அந்த ரிஸ்க் பெரும்பாலும் கிடையாது. வண்டிக்கு பாலிசி இருந்து, குற்றப்பத்திரிகை ஓட்டுநர் மேல் இருந்தால் ஏதோ ஒரு தொகை வரத்தான் போகிறது. அதில் மூன்றில் ஒன்று எடுப்பது எதற்கு? அந்தப் பணம் ஒரு மனிதரின் மிச்ச வாழ்நாள் சம்பளம். மேலே போட்ட கணக்கைப் பாருங்கள், அதில் வக்கீலுக்கு என்று ஒரு வரி இருக்கிறதா?

நான் கட்டம் கட்டமாக ஃபீஸ் சொல்லி, எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். இப்போது கொடுக்க முடியாதவரிடம், அதே தொகையைத் தீர்ப்பு எப்படி வந்தாலும் பிறகு மெதுவாகக் கொடுங்கள் என்பேன். வராத ஃபீஸும் உண்டு. வீடு கட்ட 17 வருடம் ஆனது, ஆனால் கட்டினேன்.

மணிமுத்தாறு, முதல் சில வருடம் கஷ்டம்தான். ஜூனியருக்கு மாதம் சென்னை, மதுரை, கோவையில் 20,000, மற்ற மாவட்டங்களில் 15,000 ஆவது கொடுக்க வேண்டும் என்று 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. உங்கள் சீனியரிடம் தயங்காமல் கேளுங்கள்.

மணிமுத்தாறு எழுதியது:

சேர்ந்துவிட்டேன். இன்றோடு ஐந்து வாரம். அப்பா காலையில் என் கோட்டை அவரே தேய்த்து மாட்டியிருந்தார்.

சீனியர் முதல் நாளே ஒரு கேஸ் ஷீட்டைக் கொடுத்து, "நேரத்தை மட்டும் எழுது" என்றார். கருப்பு_கவுன் சார் சொன்ன அதே முறை. 19 வயதுப் பையன், குடல்வால் அறுவைக்கு மறுநாள் இரவு இறந்துவிட்டான். 214 பக்கம். எழுதிக்கொண்டே வந்தால் இரவு 2.10-க்கு "வயிற்று வலி என்கிறார், மருத்துவருக்குத் தெரிவிக்கப்பட்டது" என்று நர்ஸ் குறிப்பு. அடுத்த குறிப்பு 4.50. நடுவில் ஒரு எழுத்துக்கூட இல்லை. யாரிடம் தெரிவித்தார் என்று பெயரும் இல்லை. நான் உற்சாகமாகச் சொன்னதும் சீனியர், "இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை, ஓட்டைதான் கிடைத்திருக்கிறது" என்றார். அடுத்து எங்கே தேடுவது?

மயக்க_மருத்துவர் எழுதியது:

2.10-க்கு முன் நாடித்துடிப்பு எப்படி ஏறி வந்திருக்கிறது என்று பாருங்கள். உள்ளே ரத்தம் கசிந்தால் அழுத்தம் இறங்குவதற்கு முன் நாடி ஏறும். 88, 96, 110 என்று போயிருந்தால் ஒரு நிபுணரிடம் காட்டுங்கள். ஏறவில்லை என்றால் அதையும் அந்தக் குடும்பத்திடம் மறைக்காதீர்கள்.

கருப்பு_கவுன் எழுதியது:

அன்று இரவு கட்டில் பக்கத்தில் யார் இருந்தார்கள்? அவரிடம் போங்கள். அந்த இரண்டு மணி நாற்பது நிமிடமும் அவருக்கு நிமிடம் நிமிடமாக நினைவிருக்கும். ஆனால் கூண்டில் "மூன்று மணி என்று எப்படித் தெரியும்?" என்று கேட்பார்கள். அவர் யாருக்காவது போன் செய்திருப்பார். அந்த அழைப்புப் பட்டியலில் நேரம் இருக்கும். போனை யாரும் மாற்றவோ அழிக்கவோ கூடாது என்று சொல்லுங்கள். புதிய சாட்சியச் சட்டத்தில் மின்னணுப் பதிவுக்கான 63(4) பிரிவுச் சான்றோடு அதைத் தாக்கல் செய்யலாம்.

மணிமுத்தாறு எழுதியது:

இருந்தது அவனுடைய அக்கா. இப்போதுதான் பேசினேன். 2.40-க்கும் 3.25-க்கும் அம்மாவுக்குப் போன் செய்து, "கூப்பிட்டால் யாரும் வரவில்லை" என்று சொன்னாராம். பழைய பட்டன் போன். அதை எக்சேஞ்சில் கொடுக்க எடுத்து வைத்திருக்கிறார்கள். கடைசி பஸ் 9.20-க்கு, கிளம்பிவிட்டேன்.